ஐப்பசியில் நட்டு ஆடியில் எடுக்கும் பூண்டு

பினாங்கில் வெள்ளைப்பூண்டு விளையாது. இலை வரும், வேர் விடும், சில வேளைகளில் மண்ணுக்கடியில் ஒரு சிறு உருண்டைகூடத் திரளும். ஆனால், பல் பல்லாகப் பிரிந்த முழுப்பூண்டு நம் வீட்டுத் தொட்டியில் கிடைக்காது. சமையலறைக் கூடையில் கிடக்கும் பூண்டு தானாகவே பச்சை முளை விடுவதைப் பார்த்துவிட்டு, அதை மண்ணில் ஊன்றினால் சில மாதங்களில் ஒன்று பத்தாகும் என்று நம்புகிறவர்கள் எங்கள் தாமானிலேயே, அதாவது குடியிருப்பிலேயே, பலர் இருக்கிறார்கள். தாமான் புலனக் குழுவில் முதலில் செழித்த இலைகளின் படம் வரும், சில வாரங்கள் கழித்து, நுனி மஞ்சளித்து அடி அழுகிய தாளின் படத்தோடு, “என்ன உரம் போடலாம்?” என்ற கேள்வி வரும். உரத்தால் தீரக்கூடிய குறை அன்று அது. என் மகள் குடும்பம் கனடாவில் ஆண்டுதோறும் பூண்டு பயிரிடுவதைக் கூட இருந்து பார்த்த பிறகுதான், அந்தச் செடி கேட்பது என்ன, நம் ஊரால் கொடுக்க முடியாதது என்ன என்பது எனக்கு விளங்கியது.

பூண்டுக்கு இரண்டு தேவைகள் உண்டு. முதலாவது குளிர். நட்ட பல் பல வாரங்கள் 10 பாகை செல்சியஸுக்கும் குறைவான குளிரில் கிடந்தால்தான், அதன் நடுவிலுள்ள குருத்து பின்னாளில் பல பற்களாகப் பிரியும் தன்மையைப் பெறுகிறது. குளிர் படாத பல் பிரிவதற்கு அறியாமல் ஒரே உருண்டையாகத் திரண்டு நின்றுவிடும். நம் ஊர் மருந்துக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் சிறு வலைப்பைகளில் கூடுதல் விலைக்கு விற்கும் ஒருபல் பூண்டும் பற்கள் பிரியாமல் உருண்டு நின்ற பூண்டுதான். இரண்டாவது தேவை நீண்ட பகல். குளிரை அனுபவித்த செடி, வசந்தத்தில் பகல் நீள நீள, இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு அடியில் கிழங்கு கட்டத் தொடங்குகிறது. மகள் வசிக்கும் குவெல்ஃப் நகரம் ஒன்டாரியோ மாநிலத்தின் தென்பகுதியில், வட அகலாங்கு 43 பாகைக்கு மேல் இருக்கிறது. அங்கே டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம். ஜூனில் பதினைந்தரை மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். பினாங்கோ 5 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான வேறுபாடுதான். இரவிலும் வெப்பம் 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. குளிர்காலம் என்ற ஒன்று வந்து போனதாகப் பூண்டுக்குச் சொல்ல இங்கே எந்த அடையாளமும் இல்லை.

கொடைக்கானலில் விளையவில்லையா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்ற பயிர்; அந்த மலையும் நிலநடுக்கோட்டிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. ஆனால், அது கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, மார்கழி இரவுகளில் அங்கே உண்மையான குளிர் உண்டு, அங்கு பயிராகும் வகைகளும் தலைமுறை தலைமுறையாக அந்த மலையின் பகல் அளவுக்குப் பழகியவை. நம் பினாங்குக் கொடிமலை 800 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. கேமரன் மலை 1,500 மீட்டரை ஒட்டி இருந்தாலும், அங்கும் இரவுக் குளிர் பெரும்பாலும் 15 பாகையோடு நின்றுவிடுகிறது. தேயிலைக்கும் முட்டைகோசுக்கும் அது போதும்.

மகள் வீட்டில் பூண்டு நுழைந்ததற்குக் காரணம் பேத்தி பிறந்ததுதான். பத்தியச் சாப்பாடு என்றால் நம் வீடுகளில் பூண்டு இல்லாமல் எதுவும் நகராது. பூண்டுக் குழம்பு, பூண்டுப் பால், பூண்டு ரசம் என்று கிலோக் கணக்கில் உரிக்க வேண்டும். அங்குள்ள கடையில் வாங்கிய பூண்டு பெரும்பாலும் இறக்குமதியானது. வேரை அடியோடு மழித்து, வெள்ளை வெளேரென்று இருந்தாலும், உரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் உள்ளே பச்சை முளை. அந்த வாரச் சந்தையில் உள்ளூர் விவசாயி ஒருவர் விற்ற பூண்டை மருமகன் வாங்கி வந்தார். அந்தக் குழம்பைச் சாப்பிட்ட பிறகு, அடுத்த ஆண்டே வீட்டின் பின்புறம் ஒரு பாத்தி போட்டுவிட வேண்டும் என்று அவர் முடிவெடுத்துவிட்டார். மருமகன் கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி ஊர்க்காரர்; அவருடைய தாத்தா ரப்பர் தோட்ட வரிசை வீட்டுக்குப் பின்னால் மரவள்ளியும் அவரையும் வைத்திருந்தவர். மண்ணைக் கண்டால் சும்மா இருக்க முடியாத குடும்பம் அது.

குளிர்நாட்டில் வேலைக்குப் போகும் பெற்றோரும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் சேர்ந்து செய்வதற்குப் பூண்டைப் போல வாகான பயிர் வேறு இல்லை என்பது என் கருத்து. தக்காளிக்கும் கத்தரிக்கும் கோடை முழுவதும் ஒருவர் காவல் இருக்க வேண்டும். குடும்பம் இரண்டு வாரம் ஊருக்கு வந்தால் திரும்பும்போது செடி இருக்காது. கீரையையும் பீன்ஸையும் முயல்கள் விட்டுவைப்பதில்லை. பூண்டின் வாடையால் முயலும் மானும் பொதுவாக அதன் பக்கம் வருவதில்லை. அதைவிட முக்கியமாக, மண்ணில் ஒன்பது மாதங்கள் இருக்கும் இந்தப் பயிர் ஆளைக் கூப்பிடும் நாள்கள் மிகச் சிலவே; அவையும் ஏறக்குறைய நாள்காட்டியில் குறித்து வைக்கக்கூடியவை. ஐப்பசியில் நடவு, பங்குனி சித்திரையில் களை, ஆனியில் பூந்தண்டு ஒடித்தல், ஆடியில் அறுவடை. நாம் ஆடிப்பட்டம் தேடி விதைத்தவர்களின் வழி வந்தவர்கள். அங்கே ஆடி என்றால் எடுக்கிற மாதம்.

விதைப்பூண்டு வாங்குவதில்தான் முதல் தெரிவு இருக்கிறது. பூண்டில் பெரும் பிரிவுகள் இரண்டு. நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் மென்தண்டு வகை. பற்கள் பல அடுக்குகளாக, பெரிதும் சிறிதுமாக இருக்கும், நீண்ட நாள் கெடாது, மிதமான தட்பவெப்பத்தில் நன்றாக வரும். கடுங்குளிர் நாட்டுக்கு ஏற்றது கடினத்தண்டு வகை. அதன் நடுவில் குச்சி போன்ற ஒரு தண்டு நிற்கும். அதைச் சுற்றி ஒரே வட்டமாகப் பற்கள் அமர்ந்திருக்கும். ஒன்டாரியோவில் பலரும் நடுகிற ‘மியூசிக்’ என்ற வகை இந்த இனத்தைச் சேர்ந்தது. ஒரு பூண்டில் நான்கு முதல் ஆறு பற்கள்தான். ஆனால், ஒவ்வொன்றும் என் கட்டைவிரலைவிடத் தடிமன். மேல்தோல் வெள்ளை, அதை உரித்தால் பல்லின் மேல் மங்கிய ஊதா நிறம் கோடு கோடாக ஓடும். ஒரு கிலோ வாங்கினால் 50 முதல் 70 பற்கள் வரை தேறும். பேரங்காடிப் பூண்டை நடக் கூடாது என்பதற்கு அங்குள்ளவர்கள் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள்: எந்தத் தட்பவெப்பத்தில் விளைந்தது என்று தெரியாத வகை அந்தக் குளிரைத் தாங்காமல் போகலாம், தண்டையும் கிழங்கையும் தாக்கும் நூற்புழுவும் வெண்ணழுகல் நோயும் விதையோடு சேர்ந்து தோட்டத்துக்குள் வந்துவிடலாம். வெண்ணழுகலின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஒருமுறை வந்துவிட்டால் அந்த இடத்தில் பூண்டையும் வெங்காயத்தையும் மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே, அருகிலுள்ள ஊரில் விளைவித்தவரிடமே வாங்குகிறார்கள். ஒரே பாத்தியில் அடுத்தடுத்த ஆண்டு நடாமல் மூன்று நான்கு ஆண்டுகள் இடைவெளி விடுகிறார்கள்.

நடவுக்கு முதல் நாள் மாலையில் பூண்டை உடைக்கும் வேலை பிள்ளைகளுடையது. கடினத்தண்டுப் பூண்டை உடைப்பது நம் ஊர்ப் பூண்டை உடைப்பதைப் போல அல்ல. நடுத்தண்டைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்தால், காய்ந்த தோல் சரசரவென்று கிழிந்து, பற்கள் ஒவ்வொன்றாகத் தண்டை விட்டு விலகும். ஒவ்வொரு பல்லின் அடியிலும் காய்ந்த, தட்டையான, தழும்பு போன்ற ஒரு வட்டம் இருக்கும். வேர் அங்கிருந்துதான் புறப்படும். அந்த வட்டம் உடையக் கூடாது, பல்லின் உள்தோலும் உரிந்துவிடக் கூடாது. பேரன் முதலில் விரைந்து உடைத்துத் தோலை உரித்துக் குவித்தான். பேத்தி, அண்ணன் உரித்தவற்றைத் தனியாக ஒதுக்கி, “இதெல்லாம் பாட்டிக்கு, குழம்புக்கு” என்றாள்.

குழம்பு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய பல்லைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு சிறியதை விதைக்குத் தள்ளுவது சமையற்கட்டில் பழகிய எவருக்கும் இயல்பாக வருவது. சிறு பல்லை உரிப்பதைப் போன்ற தொல்லை வேறு எது? மருமகன் ஒப்புக்கொள்ளவில்லை. “பெரிசையே நடணும் அத்தை, அப்பதான் பெரிசா வரும்” என்று சொல்லி, தடித்த பற்களை எல்லாம் ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. பல்லில் சேமிக்கப்பட்டிருக்கும் உணவை வைத்துத்தான் செடி குளிர்காலத்துக்கு முன் வேர் விடுகிறது. பல் பெரிதானால் வேர் வலுவாகும், அடுத்த ஆண்டின் கிழங்கும் பெரிதாகும். விளைச்சலில் முதல் தரத்தை விதைக்கு நிறுத்திவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது நம் பாட்டன்மார் நெல்லுக்குச் செய்ததுதான்; நாம் தான் கடையில் வாங்கியே பழகிவிட்டோம்.

நடும் நாள் தீபாவளியை ஒட்டி, அக்டோபர் பிற்பகுதியில் அமைகிறது. நிலம் உறைவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் முன்னதாக நட வேண்டும் என்பது கணக்கு. வேர் பிடிக்க அவ்வளவு காலம் தேவை. அதற்கு மிகவும் முந்தி நட்டால் இலை வெளியே நீண்டு பனியில் கருகும். மக்கிய எரு கலந்த மண்ணைச் சற்று உயர்த்திப் பாத்தி கட்டியிருந்தார்கள். ஈரம் தேங்கினால் பல் அழுகிவிடும் என்பதற்காக. பற்களுக்கு இடையே 15 சென்டிமீட்டர், வரிசைகளுக்கு இடையே 25 சென்டிமீட்டர், ஆழம் 5 முதல் 8 சென்டிமீட்டர். கூர்முனை மேலே, தட்டையான அடி கீழே. மருமகன் ஒரு குச்சியில் கோடு போட்டுக் குழி குத்திக்கொண்டே போக, பிள்ளைகள் பின்னாலேயே ஒவ்வொரு பல்லாக வைத்துக்கொண்டு போனார்கள். கையுறைக்குள்ளும் விரல் விறைக்கும் காற்று. நான் வீட்டுக்குள்ளிருந்து கண்ணாடி வழியே மேற்பார்வை செய்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. 6 பாகைக் குளிரில் மண்ணைத் தொடுவதற்குப் பினாங்கில் பிறந்தவளுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை.

நட்ட பிறகு கோழிவலையை விரித்துச் சில நாள் மூடி வைக்கிறார்கள். அணில் பூண்டைத் தின்பதில்லை. ஆனால், புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் தோண்டிப் பார்க்காமல் அதற்கு இருப்புக் கொள்ளாது. குளிர் இறுகத் தொடங்கியதும் வலையை எடுத்துவிட்டு, 10 முதல் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோல் மூடாக்குப் போடுகிறார்கள். இந்த மூடாக்கு பல்லைக் குளிரிலிருந்து காப்பதற்கு என்றுதான் நான் எண்ணியிருந்தேன். குளிர் பூண்டுக்கு வேண்டியதாயிற்றே! உண்மையான பகை, உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடப்பது. மண்ணிலுள்ள ஈரம் உறையும்போது விரிந்து, பல்லை மேல்நோக்கித் தள்ளுகிறது. உருகும்போது மண் இறங்குகிறது, பல் இறங்குவதில்லை. இது சில முறை நடந்தால் வேர் அறுந்து, பல் மண்ணுக்கு மேலே வந்து கிடக்கும். வைக்கோல் அந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கிறது. அதன்மேல் விழும் வெண்பனி கம்பளியைப் போல நிலத்தின் வெப்பத்தை உள்ளே நிறுத்துகிறது. வெளியே சுழியத்துக்கு 20 பாகை கீழே போனாலும் பல் இருக்கும் ஆழத்தில் அவ்வளவு கடுமை இருப்பதில்லை. பனி குறைவாக விழுகிற ஆண்டுதான் பூண்டுக்காரர்களுக்குக் கவலை.

கார்த்திகை பாதியிலிருந்து பங்குனி வரை தோட்டத்தில் எந்த வேலையும் இல்லை. நாங்கள் பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் வியர்த்துக்கொண்டிருக்கும் போது, அங்கே அந்தப் பாத்தி இருக்குமிடமே தெரியாது.

வசந்தத்தில் முதலில் தலை காட்டும் பச்சை பெரும்பாலும் பூண்டுதான். புல் நிறம் மாறுவதற்கு முன்பே வைக்கோலைத் துளைத்துக்கொண்டு தாள் வெளியே வரும். சில இடங்களில் தாள் வைக்கோலுக்கு அடியில் வளைந்து மாட்டிக்கொண்டு மஞ்சளாக நிற்கும், அவற்றை விரலால் விடுவித்துவிட வேண்டும். பேத்தியின் வேலை அது. இந்தப் பருவத்தில் செடிக்குத் தழைச்சத்துத் தேவைப்படுகிறது. கோழி எருவைத் தூவி நீர் விடுகிறார்கள். கிழங்கு கட்டத் தொடங்கிய பிறகு எரு போட்டால் இலை மட்டும் கொழுக்கும் என்பதால் மே மாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பூண்டின் இலை ஒல்லியானது, நிழல் தராது; ஆகவே, களையோடு போட்டியிட அதற்கு வலிமை இல்லை. களை எடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அதன் அளவு அறுவடையில் தெரியும்.

பூச்சிகளில் தொல்லை தருவது ஓர் அந்துப்பூச்சி. ஐரோப்பாவிலிருந்து வந்தது, 1993இல் ஒட்டாவாப் பகுதியில் முதலில் காணப்பட்டு, பிறகு ஒன்டாரியோவில் பரவியது. அதன் புழு இலையைக் குடைந்து தின்று, குருத்துக்குள் புகுந்துவிடும். அந்துப்பூச்சி இரவில் பறப்பது. ஆகவே, மெல்லிய வெண்ணிற வலைத்துணியைப் பாத்தியின் மேல் விரித்து ஓரங்களை மண்ணால் அழுத்திவிட்டால் முட்டையிட வழி இருக்காது. மருந்து அடிப்பதைவிட இது எளிது. பிள்ளைகள் கைவைக்கும் தோட்டத்துக்கு இதுவே பொருத்தம்.

ஆனி மாதத்தில் கடினத்தண்டு வகையின் நடுவிலிருந்து பூந்தண்டு எழும். முதலில் நேராக வந்து, பிறகு தலை கவிழ்ந்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக்கொள்ளும். நுனியில் வெளிர்பச்சையில் அலகு போல நீண்ட மொக்கு. இதைச் செடியிலேயே விட்டுவிட்டால், மொக்குக்குள் நெல்மணி அளவிலும் சற்றுப் பெரிதாகவும் சிறு குமிழ்கள் உருவாகி, கிழங்குக்குப் போக வேண்டிய ஊட்டத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே, சுற்று வந்தவுடன் ஒடித்துவிட வேண்டும். காலையில் ஒடித்தால் ‘டக்’கென்று ஒடியும், ஒடிந்த இடத்தில் நீர் துளிர்க்கும். இரண்டு மூன்று செடிகளில் மட்டும் பேரனுக்காகப் பூந்தண்டை விட்டு வைக்கிறார்கள். அந்தச் சிறு குமிழ்களை அவன் தனியாக ஒரு பெட்டியில் நடுகிறான். முதல் ஆண்டில் அவை ஒருபல் உருண்டைகளாகும், அவற்றை மீண்டும் நட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் முழுப்பூண்டாகும். மண்ணைத் தொடாமல் மேலே உருவானவை என்பதால், மண்வழி நோய்கள் இல்லாத புதிய விதைக்கு இது ஒரு வழி.

ஒடித்த தண்டுகள்தான் எனக்கு இந்தப் பயிரிலேயே மிகவும் பிடித்தவை. கிழங்கைவிட என்றுகூடச் சொல்வேன். பினாங்கின் சௌராஸ்தா சந்தையிலும் பூண்டுத் தண்டு கட்டுக் கட்டாகக் கிடைக்கும். ஆனால், அது கடல் கடந்து வந்து சேரும்போது நுனி நாராகிவிட்டிருக்கும். ஒடித்த ஒரு மணி நேரத்தில் அடுப்புக்குப் போகும் தண்டு வேறு. பயற்றங்காயைப் போல விரல் நீளத்துக்கு நறுக்கி, நெத்திலியை முதலில் மொறுமொறுப்பாகப் பொரித்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் அரைத்த மிளகாயும் ஒரு துண்டு பெலாச்சானும் (இறால் விழுது) போட்டு வதக்கி, தண்டைச் சேர்த்து இரண்டு கிளறு கிளறி இறக்கினால், வெறும் சோறு போதும். பாதி வெந்திருக்க வேண்டும்; முழுவதும் வெந்தால் இனிப்பு ஏறி, காரம் போய்விடும். மிஞ்சிய தண்டை வறுத்த உளுந்து, தேங்காய், புளியோடு அரைத்த துவையல் தோசைக்கு நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மருமகனுக்கே அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை.

அறுவடை நாளைக் கணிப்பது இலையை எண்ணுவதில் இருக்கிறது. பூண்டின் ஒவ்வோர் இலையின் அடிப்பகுதியும் கீழே கிழங்கைச் சுற்றி ஒரு தோலாகப் படிகிறது. வெளியே காயும் ஒவ்வோர் இலைக்கும், மண்ணுக்குள் ஒரு தோல் மக்கத் தொடங்குகிறது. எல்லா இலையும் காயட்டும் என்று காத்திருந்தால் தோல் மிச்சமிருக்காது, பற்கள் பிளந்து மண்ணில் சிதறிக் கிடக்கும். மிக முந்தி எடுத்தால் கிழங்கு பருத்திருக்காது. அடியிலுள்ள இலைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பழுப்பாகி, மேலே ஐந்தாறு இலைகள் பச்சையாக நிற்கும் வேளைதான் சரி. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே நீர் விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். குவெல்ஃபில் அது ஜூலை பிற்பகுதி, ஆடி பிறந்து சில நாள்கள் ஆகியிருக்கும். தண்டைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும். நான்கு முனைக் கம்பிக் கவையைச் சற்றுத் தள்ளிக் குத்தி, மண்ணோடு நெம்பித் தூக்க வேண்டும். தூக்கியதைத் தட்டக் கூடாது, கழுவக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. புதிதாக எடுத்த பூண்டு ஒரு பழத்தைப் போலக் கன்றிப்போகும் என்பது கடைப்பூண்டை மட்டும் கண்டவர்களுக்குத் தெரியாத செய்தி. மண் படிந்த அந்தத் தோல் ஈரமாகவும் தடிப்பாகவும், நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு மென்மையாகவும் இருக்கும். வாடை கையில் மட்டுமல்ல, வீட்டுத் திரைச்சீலையிலும் ஏறிவிடும்.

பிறகு காய வைத்தல். கார் நிறுத்தும் கொட்டகையில் பத்துப் பத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, மூன்று நான்கு வாரங்கள் நிழலில் உலர்த்துகிறார்கள். அந்த வாரங்களில் காருக்கு வெயில்தான். தண்டின் நடுப்பகுதி வெட்டிப் பார்த்தால் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் தண்டையும் வேரையும் நறுக்கி வலைப்பையில் போடலாம். பாதுகாப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியின் 4 பாகைக் குளிர், பூண்டுக்குக் குளிர்காலம் வந்துவிட்டது என்ற எண்ணத்தைத் தருவதால், வெளியே எடுத்தவுடன் முளைத்துவிடும். காற்றோட்டமான, உலர்ந்த, 15 பாகையை ஒட்டிய நிலவறை மூலையே சிறந்தது. மியூசிக் போன்ற வகை அப்படி ஆறேழு மாதங்கள் நிற்கும். ஏறக்குறைய மாசி பங்குனி வரை. அதன் பிறகு அவர்களும் கடைப்பூண்டுதான் வாங்குகிறார்கள்.

காசுக் கணக்குப் பார்த்தால் இது லாபமான வேலை அன்று. உலகில் விளையும் பூண்டில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அந்த விலைக்கு எதிரே, எருவும் வலைத்துணியும் வாங்கி வீட்டில் விளைவிப்பவர் நிற்க முடியாது. சுவையில் வேறுபாடு உண்டு. பூண்டை நசுக்கும்போது அதன் அறைகளில் தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றுசேர்ந்து அல்லிசின் என்ற காரமான பொருள் உண்டாகிறது. ஆகவே, நசுக்கிச் சில நிமிடங்கள் விட்டுவிட்டுச் சமைத்தால் மணம் கூடுதலாக நிற்கும், முழுப்பல்லாக வேகவைத்தால் இனிக்கும். அவர்கள் தோட்டத்துப் பூண்டை அம்மியில் தட்டியதும் கண் கரிக்கிறது. ரசத்துக்கு வழக்கமான அளவில் பாதி போதும். பேரன் பூண்டைத் தட்டில் ஒதுக்கி வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டான் என்று மகள் சொல்கிறாள். நான் பார்த்தவரை, தன் வரிசையில் விளைந்ததை மட்டும் ஒதுக்குவதில்லை.

விதைக்காக நான்கு பூண்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று தாமானில் கேட்கிறார்கள். செடி, விதை, கிழங்கு போன்றவற்றை இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் மலேசியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. நூற்புழுவைப் பற்றித் தெரிந்த பிறகு அந்த விதியில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. கொண்டுவந்தாலும் இங்கே என்ன செய்வது? குளிர்பதனப் பெட்டியில் ஆறேழு வாரங்கள் வைத்துவிட்டு நடலாம் என்கிறார்கள். குளிர் கிடைத்துவிடும், நீண்ட பகலுக்கு எங்கே போவது, இரவு வெக்கைக்கு என்ன செய்வது?

பினாங்கில் பூண்டுத் தொட்டியை இலைக்காக மட்டும் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. முளைவிட்ட பற்களை நெருக்கமாக, இரண்டு விரல் இடைவெளியில், வடிகால் உள்ள தொட்டியில் ஊன்றி, மதிய வெயில் படாத இடத்தில் வைத்தால் மூன்று நான்கு வாரங்களில் தாள் ஒரு சாண் வளர்ந்துவிடும். அறுத்து முட்டைப் பொரியலிலோ, மீன் குழம்பு இறக்கும் போதோ தூவலாம். இரண்டாம் முறை வரும் தாள் மெலிந்திருக்கும். அதற்குப் பிறகு புதிய பற்களை வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், நம் ஊர் வீடுகளுக்கு அதைவிடவும் ஏற்றது பூண்டின் உறவான குச்சாய். சார் குவே தியா என்ற வறுத்த நூடுல்ஸில் போடுகிறார்களே, அந்தத் தட்டை இலை. குளிரும் வேண்டாம், நீண்ட பகலும் வேண்டாம். ஒருமுறை வைத்தால் ஆண்டுக் கணக்கில் நிற்கும். விதையிலிருந்து வளர்ப்பது மெதுவாக நடக்கும்; ஏற்கெனவே வைத்திருக்கும் வீட்டில் ஒரு கொத்தைப் பெயர்த்து, நான்கைந்து தாள்களாகப் பிரித்து நடுவதே எளிது. எனக்குக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி. மண்ணுக்கு இரண்டு விரல் மேலே கூர்மையான கத்தியால் அறுக்க வேண்டும், கையால் பிய்த்தால் வேர் ஆடிவிடும் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அறுத்த பிறகு சிறிது கோழி எரு. மறுபடி அறுக்க ஒரு மாதம் பொறுக்க வேண்டும். பூ எடுத்தால் அதையும் மொக்காக இருக்கும்போதே ஒடித்து வதக்கிவிடலாம். ஆனியில் மகள் வீட்டில் செய்த அதே நெத்திலிப் பக்குவம் இதற்கும் பொருந்துகிறது, பெலாச்சானை மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.